28 ஆண்டு அனுபவத்துக்கு ஒரு நாள் வகுப்பு எதற்கு?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம். முடித்துப் பதிவு செய்து 28 ஆண்டுகள் ஆகின்றன. பதிவைப் புதுப்பிக்க இரண்டு புத்தாக்கப் பயிற்சிச் சான்றிதழ்கள் வேண்டும் என்கிறார்கள். சென்ற முறை போன வகுப்பில் காலை முழுவதும் எனக்குச் சம்பந்தமில்லாத ஆராய்ச்சிப் பேச்சு. பிறகு சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ். ஒரு நாள் கடையைப் பூட்டியதுதான் மிச்சம். பணம் கொடுத்தால் போகாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். லண்டனில் மருந்தாளுநராக இருக்கும் என் அக்கா மகளும் ஆண்டுதோறும் எதையோ எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறாள். கவுண்ட்டரில் நிற்பவனுக்கு அனுபவத்தைவிடப் பெரிய பாடம் உண்டா? நேற்றுகூட ஓர் அம்மா வந்து, 64 வயதான தம் கணவருக்குக் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.8 வந்திருக்கிறது, சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும் போடுகிறாரே, தொடரலாமா என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தனுப்பினேன். இதற்கு மேல் வகுப்பில் போய் நான் எதைக் கற்க வேண்டும்?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

விலைக்கு வரும் சான்றிதழைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அதை வாங்காதீர்கள். 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின்படி பெற்ற பதிவை நம்பித்தான் உங்கள் கடையே நிற்கிறது. பொய்க் காகிதத்தைக் காட்டிப் புதுப்பித்த பதிவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மருந்து ஆய்வாளர் படியேறும்போதும் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரியில் இந்திய ஃபார்மசி கவுன்சில் வெளியிட்ட தொழில் நடைமுறை விதிகள் கேட்பது, ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 2 பயிற்சிகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள். ஆயிரத்து எண்ணூறு நாள்களுக்கு மேல் உள்ள காலத்தில் இரண்டு நாள் என்பது யாருக்கும் பெரிய சுமையாக இருக்க முடியாது. உங்கள் கோபம் அந்த இரண்டு நாள் மீதா, அந்த இரண்டு நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதன் மீதா என்று யோசித்துப் பார்த்தால், பின்னதுதான் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கோபம் நியாயமானது. அப்படிப்பட்ட வகுப்பொன்றை நானே எடுத்திருக்கிறேன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில், பெரும்பாலும் கடை நடத்துகிறவர்களாக இருந்த கூட்டத்துக்கு முன்னால், நானோ துகள்களின் வழியே மருந்தைச் செலுத்தும் முறைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். கல்லூரியில் எடுத்த பாடத்தின் படங்கள் கைவசம் இருந்தன என்பதைத் தவிர அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை. முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “சார், டாக்டர்கள் அரை மாத்திரை என்று எழுதுகிறார்கள். எதை ஒடிக்கலாம், எதை ஒடிக்கக் கூடாது?” என்று கேட்டார். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஆனால் நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. பான்டோபிரசோல் போல வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைவதற்காகப் பூச்சுப் போட்ட மாத்திரையை ஒடிக்கக் கூடாது, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, ஆனால் நடுவில் கோடு போட்டு வரும் மெட்டோபுரோலால் சக்சினேட் நீடித்த வெளியீட்டு மாத்திரையை அந்தக் கோட்டில் இரண்டாக ஒடித்து, மெல்லாமல் விழுங்கலாம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய வகுப்பாக இருந்திருக்க வேண்டும்.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வருகிறேன். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பதற்குச் சாட்சியாக அந்த அம்மாவின் கேள்வியைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது.

நீங்களும் நானும் படித்த காலத்துப் பாடம், ஆணுக்குக் கிரியேட்டினின் 1.5ஐயும் பெண்ணுக்கு 1.4ஐயும் எட்டினால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும் என்றது. 2016 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த எண்களைக் கைவிட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீட்டை, அதாவது இ.ஜி.எஃப்.ஆர். என்று ஆய்வகச் சீட்டுகளில் இப்போது அச்சாகும் எண்ணை, அளவுகோலாக ஏற்றது. அந்த எண் 30க்குக் கீழே இறங்கினால் மெட்ஃபார்மின் கூடவே கூடாது. 30க்கும் 45க்கும் இடையில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவருக்கு 45க்குக் கீழே வந்துவிட்டால், தொடர்வதன் நன்மை தீமையை மருத்துவர் எடைபோட வேண்டும், தொடர்ந்தால் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. 64 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.8 என்றால், இதைக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி இந்த எண் ஏறத்தாழ 41 வரும். அதே வயதில் அதே 1.8 ஒரு பெண்ணுக்கு இருந்தால் 31 அளவுக்கு இறங்கிவிடும். கிரியேட்டினினை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான்.

ஆகவே அந்த அம்மாவின் கணவர் விஷயத்தில், பழைய பாடப்படி நடந்திருந்தால் மருந்தை நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். அது தேவையில்லாமல் இருந்திருக்கலாம். நடந்ததோ, நாளுக்கு 2000 மில்லிகிராம் அப்படியே தொடர்ந்தது; அது அவருக்கு அதிகம். “டாக்டரைக் கேளுங்கள்” என்ற சொல்லில் தவறில்லை, அளவை மாற்றும் உரிமையும் நமக்கில்லை. ஆனால் அந்த அம்மா டாக்டரிடம் எதைக் கேட்பார்? அடுத்த முறை போவது இரண்டு மாதம் கழித்து என்றால், அதற்குள் 120 மாத்திரைகள் உள்ளே போயிருக்கும். உங்கள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்து, “வயது 64, கிரியேட்டினின் 1.8, இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 41, மெட்ஃபார்மின் நாளுக்கு 2000 மி.கி.; அளவைப் பார்த்துச் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதி, கடை முத்திரையைக் குத்தி, இந்த வாரமே காட்டச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் எதுவும் வாங்கிப் போடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதுவே பெரும் பகை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டு உடல் வறண்டால் மெட்ஃபார்மினை அன்று போடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை 28 ஆண்டு அனுபவம் உங்களுக்குக் கொடுக்கவில்லை என்றால், அது உங்கள் குறையன்று. அனுபவத்தின் இயல்பே அப்படி.

நம் தொழிலில் விளைவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தச்சர் போட்ட கதவு சரியாக மூடவில்லை என்றால் அங்கேயே தெரியும். நாம் கொடுத்த மருந்து வீட்டில் என்ன செய்தது என்பது, பெரும்பாலும் வேறொரு மருத்துவமனையின் வார்டில் வேறொருவருக்குத்தான் தெரியவருகிறது. நான் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தபோது, ஒரு பாட்டிக்கு 40 யூனிட் இன்சுலின் குப்பியும், அன்று சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துபோயிருந்ததால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் கொடுத்தேன். சிவப்பு மூடி, மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. இரண்டிலும் கோடுகள் இருக்கின்றனவே, யூனிட் யூனிட்தானே என்று நினைத்துவிட்டேன். பாட்டி 20 என்ற கோடு வரை இழுத்தார். உள்ளே போனது 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் 30 யூனிட்டாக உயர்த்தினார். அவர் போட்டுக்கொண்டது 12. அடுத்த மாதம் என்னுடன் வேலை பார்த்த ஒருவர் சரியான சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்தார். அன்று இரவு ஒரேயடியாக 30 யூனிட் ஏறியது. சர்க்கரை இறங்கி, நினைவு தப்பி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள், பிழைத்துக்கொண்டார். மருந்தகத்துக்கு அது தெரிந்ததே, வார்டு செவிலியர் ஒருவர் தற்செயலாக இரண்டு சிரிஞ்சுகளையும் கொண்டுவந்து காட்டியதால்தான். ஆறு ஆண்டுகளில் எத்தனை பேருக்கு அப்படிக் கொடுத்திருப்பேன் என்பதை இன்றுவரை நான் அறியேன். இன்னும் ஆறு ஆண்டுகள் அதே கவுண்ட்டரில் நின்றிருந்தாலும், யாரும் வந்து காட்டாதவரை, தவறாகவே கொடுத்து இன்னும் அனுபவசாலி ஆகியிருப்பேன்.

உங்கள் கடையில் மாதந்தோறும் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் வாங்கிப்போகும் ஆஸ்துமாக்காரர் ஒருவராவது இருப்பார். நாம் படித்தபோது அது முதலுதவி மருந்து. மூச்சு இழுத்தால் அடித்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்வதை இனி பரிந்துரைப்பதில்லை என்று 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா சொல்லிவிட்டது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏதோ ஒரு வகையில் சேர வேண்டும். ஆண்டுக்கு மூன்று இன்ஹேலர்களும் அதற்கு மேலும் வாங்குபவருக்கு ஆஸ்துமா முற்றும் அபாயம் கூடுகிறது. பன்னிரண்டும் அதற்கு மேலும் என்றால் உயிரிழக்கும் அபாயமே கூடுகிறது. மருத்துவர் ஓர் ஊரில் இருப்பார், நோயாளி பழைய சீட்டை வைத்தே வாங்கிக்கொண்டிருப்பார். எத்தனை இன்ஹேலர் போயிருக்கிறது என்ற கணக்கு உலகத்திலேயே உங்கள் பில் கணினியில் மட்டும்தான் இருக்கும். அந்தக் கணக்குக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்வதைத்தான் தொடர் தொழில்முறை மேம்பாடு என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறார்கள்.

உங்கள் அக்கா மகள் புலம்புவது எனக்கு வியப்பளிக்கவில்லை. பிரிட்டனில் 2018இல் வந்த முறைப்படி மருந்தாளுநர் ஆண்டுக்கு ஆறு பதிவுகள் எழுத வேண்டும்: கற்றதைப் பற்றி நான்கு, சக மருந்தாளுநர் ஒருவருடனோ அவரைப் போன்ற வேறொருவருடனோ உரையாடியதைப் பற்றி ஒன்று, தம் வேலையைத் தாமே எடைபோட்டது ஒன்று. அதற்கு முன் ஒன்பது எழுதினார்கள். அங்கும் நேரமில்லை, எழுதுவது சடங்காகிவிட்டது என்ற முணுமுணுப்பு இல்லாமலில்லை. ஆனால் அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அந்த நான்கில் இரண்டு மட்டுமே முன்கூட்டித் திட்டமிட்டவையாக இருந்தாக வேண்டும். மற்ற இரண்டு, கவுண்ட்டரில் எதிர்பாராமல் வந்து நின்ற கேள்வியிலிருந்தே பிறக்கலாம். அந்த அம்மாவின் மெட்ஃபார்மின் கேள்வி அங்கே வந்திருந்தால் ஒரு பதிவு முடிந்திருக்கும். எந்த மண்டபத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்று அந்த முறை கேட்பதில்லை; என்ன தெரியாமல் இருந்தது, எப்படித் தெரிந்துகொண்டாய், அதனால் யாருக்கு என்ன நன்மை என்றே கேட்கிறது. நம் விதிகள் இன்னும் நாள் கணக்கோடு நிற்கின்றன. அது மாற வேண்டும் என்பது என் கருத்து; மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் என் கருத்துதான்.

சலிப்புக்கு இன்னொரு காரணம் இருப்பதை நீங்கள் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2013ஆம் ஆண்டு ஆணை சில்லறைக் கடைக்கு ஒதுக்கியிருப்பது 16 விழுக்காடு. அது அட்டையை விற்றதற்குக் கிடைப்பது. விற்காமல் தடுத்ததற்கும், இரண்டு நிமிடம் விளக்கியதற்கும், மருத்துவருக்குச் சீட்டு எழுதியதற்கும் நம் நாட்டில் ஒரு பைசா கிடையாது. எதிர்க்கடையில் பத்து விழுக்காடு தள்ளுபடி, கைப்பேசியில் அதைவிட அதிகத் தள்ளுபடி என்று ஆன பிறகு, படித்து என்ன பயன் என்று தோன்றுவது இயற்கை. சம்பளத்துக்கு நிற்கும் மருந்தாளுநர்களின் நிலை இன்னும் மோசம். பயிற்சிக்குப் போகும் நாளில் சம்பளத்தைப் பிடிக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். நீங்களோ முதலாளியும் நீங்களே, மருந்தாளுநரும் நீங்களே. அந்த வகையில் உங்களுக்குக் கை கட்டப்படவில்லை.

நான் செய்யச் சொல்வது சிறிய காரியம். கட்டுப்பாடு மிகுந்த மருந்துகளின் விற்பனையை எழுதிவைக்கும் ஷெட்யூல் எச்1 பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். 2014 மார்ச்சில் அந்தப் பதிவேடு வந்தபோதும் இது எதற்கு என்று எல்லாரும் முணுமுணுத்தோம். இப்போது கை தானாக எழுதுகிறது. பதில் தெரியாத கேள்வி வந்தால், அல்லது தெரியும் என்று நினைத்தும் உள்ளுக்குள் லேசாக இடறினால், நோயாளியின் பெயரில்லாமல் கேள்வியை மட்டும் எழுதுங்கள். மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது விடை தேடி, எங்கே கிடைத்தது என்பதோடு கீழே எழுதுங்கள். அடுத்த முறை கவுண்ட்டரில் என்ன மாற்றிச் செய்வீர்கள் என்பதற்கு ஒரு வரி விடுங்கள். அந்தக் கடைசி வரி காலியாக இருந்தால் அந்தப் பதிவு முடியவில்லை என்று பொருள். மாதத்துக்கு இரண்டு போதும். கடையில் உதவிக்கு நிற்கும் பையனும் அந்த நோட்டைப் படிக்கட்டும். நீங்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் அவன் மருந்து கொடுக்கக் கூடாது என்பதுதான் ஃபார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு என்றாலும், சிவப்பு மூடி எது, ஆரஞ்சு மூடி எது என்று அவனுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

விடையை எங்கே தேடுவது என்பதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கம்பெனி ரெப் கொடுக்கும் வழவழப்புத் தாள் அவர் மருந்தைப் பற்றிய பாதி உண்மை. வாட்ஸ்அப் குழுவில் வருவது அதிலும் பாதி. மருந்தோடு வரும் விவரத்தாளைப் பிரித்துப் படிப்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. பெரும்பாலான கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய ஃபார்மகோபியா (மருந்துத் தர நூல்) ஆணையம் வெளியிடும் தேசிய ஃபார்முலரி என்ற மருந்துக் கையேடு நம் நாட்டு மருந்துகளுக்கென்றே எழுதப்பட்டது. அதே ஆணையத்தில் இயங்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம், புதிதாகக் கவனத்துக்கு வந்த பக்கவிளைவுகளை அவ்வப்போது அறிவிக்கிறது. உங்கள் வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட பக்கவிளைவை நீங்களே 1800 180 3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் தெரிவிக்கலாம், மருத்துவர்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. தரமற்றவை எனக் கண்டறிந்த மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தொகுதி எண்ணுடன் வெளியிடுகிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தபோது, தமிழ்நாட்டில் அக்டோபர் 1 முதல் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்ட செய்தியைத் தொலைக்காட்சி வழியாக நம் வாடிக்கையாளர் நமக்குச் சொல்லும் நிலை வரக் கூடாது. சளிக்கும் இருமலுக்கும் குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள்; இன்றும் இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைக் கேட்டு வருகிறார்கள், நாமும் எடுத்துக் கொடுக்கிறோம்.

இனி அந்த இரண்டு நாள். உங்கள் பதிவு காலாவதியாக எத்தனை மாதம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கடைசி மாதத்தில் கிடைத்த வகுப்பில் போய் உட்காருவதால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது. மாநில கவுன்சிலும் தொழிற்சங்கங்களும் கல்லூரிகளும் நடத்துபவற்றில் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கி, இன்ஹேலர், இன்சுலின், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து அளவு, குழந்தைகளுக்கு மருந்து அளவு என்று கவுண்ட்டரைத் தொடும் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பயிற்சி பதிவுப் புதுப்பிப்புக்கு ஏற்கப்படுமா என்பதையும் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பேசுபவர் என்னைப் போல நானோ துகள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், உணவு இடைவேளைக்கு முன் எழுந்து நோட்டில் உள்ள கேள்வியைக் கேளுங்கள், மைக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த அம்மாவின் தொலைபேசி எண் உங்கள் பில்லில் இருக்கக்கூடும். இன்று மாலையே அழைத்து, அந்த ஆய்வகச் சீட்டோடு இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டுச்சீட்டை எழுதி வைத்திருங்கள், வந்து வாங்கிக்கொள்ளட்டும்.